கணக்கில் வராத தலையணைகள்

மூன்று கிடங்கு, ஒரு கம்ப்யூட்டர், நாலு பேர். தலையணை விற்கிற அந்த ஆன்லைன் கடையின் சாம்ராஜ்யம் மொத்தமே அவ்வளவுதான். முதல் கிடங்கு கடைக்காரியின் வீட்டு மாடி அறை. அதற்குப் பொறுப்பு அவள் கணவன். இரண்டாவது, ஊரின் மறுகோடியில் அக்கா வீட்டுக் கார் ஷெட். மூன்றாவது இரண்டு மணி நேரத் தொலைவில், நாத்தனாரின் தையல் கடைக்குப் பின்னால் இருக்கும் அறை.

எங்கிருந்து ஆர்டர் வந்தாலும் பக்கத்துக் கிடங்கிலிருந்து தலையணை கிளம்பும். ஓரிடத்தில் சரக்கு குறைந்தால், இன்னோரிடத்திலிருந்து பத்தை அனுப்பச் சொல்லி கம்ப்யூட்டர் உத்தரவு போடும். கடைக்காரிக்கு அந்தப் பெட்டிமேல் இருந்த நம்பிக்கை கட்டிய கணவன்மேல்கூடக் கிடையாது. கம்ப்யூட்டரில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை, அவ்வளவுதான் பேச்சு. வீட்டில் எல்லோரும் அவளுக்குக் கம்ப்யூட்டரம்மா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில் கணக்கெடுப்பு. மூன்று பேரும் எண்ணிப் போனில் சொல்ல, அவள் தட்டிக்கொண்டே வருவாள். அந்த வியாழன் மாடியில் இருபத்திரண்டு, அக்காவிடம் இருபத்தாறு, நாத்தனாரிடம் முப்பத்தாறு. எண்ணிக்கை சொல்லி முடித்தும் போனை வைக்காமல், போன வாரம் யார் அனுப்பிய அட்டைப்பெட்டி நசுங்கிப் போனது என்று அக்காவும் நாத்தனாரும் மல்லுக்கு நின்றார்கள். சமாதானம் பண்ணிக்கொண்டே தட்டியதில் முப்பத்தாறு நூற்று முப்பத்தாறாகிவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் அன்றைக்குப் பார்க்கவில்லை.

பத்து நிமிடத்தில் டிங் என்றது. புதிதாகத் திறக்கிற மாணவியர் விடுதி ஒன்றிலிருந்து ஆர்டர். நூற்றைம்பது தலையணை! நாளை மாலை நாலு மணிக்குள் விடுதி வாசலில் இறங்கியாக வேண்டும். கடைக்காரி நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்தச் சுற்றிலேயே கண் திரையில் விழுந்தது. நூற்று எண்பத்து நாலு என்று இருந்தது. இத்தனை தலையணை நமக்கு ஏது? மேலேயிருந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவளின் விரல் நாத்தனார் வரியில் நின்றது: நூற்று முப்பத்தாறு! இருப்பது எண்பத்து நாலு. அறுபத்தாறு குறைகிறது.

சாதாரண நேரமாக இருந்தால் மன்னிப்புக் கேட்டு ஆர்டரை ரத்து செய்துவிடலாம். ஆனால் இந்த வருடத்தில் ஏற்கெனவே இரண்டு ரத்து. மூன்றாவது ரத்து ஆனால் விற்பனைத் தளம் கடையையே இழுத்து மூடிவிடும். அப்புறம் அதே பெயரில் திறக்கவே முடியாது. தயாரிப்பாளரைக் கேட்டால் பத்து நாள் ஆகும் என்றார். பாதியை முதலில் தரட்டுமா என்று விடுதி வார்டனைக் கெஞ்சினாள். "பாதிப் பிள்ளைங்க தலையணை இல்லாம படுக்கணுமா? தந்தா மொத்தமா தாங்க, இல்லாட்டி வேண்டாம்" என்று அந்த அம்மாள் போனை வைத்துவிட்டாள்.

கடைக்காரி அழுதாள். மூக்கு சிவக்கச் சிவக்க, கீபோர்டு நனைய நனைய அழுதாள். மூன்று வருட உழைப்பு, பாவம், அழாமல் என்ன செய்வாள்?

கணவன் கதவோரம் வந்து நின்று தொண்டையைச் செருமினான்.

"ஒண்ணு சொன்னா திட்டமாட்டியே?"

"இப்ப என்னத்த சொல்லப் போறீங்க?"

அவன் ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரிக்கு மேலிருந்த பழைய போர்வையை விலக்கினான். உறை பிரிக்காத புத்தம் புதுத் தலையணைகள், பதினொன்று.

"யாராவது கிழிஞ்சிருக்குன்னு திருப்பி அனுப்பினா, மாத்திக் குடுக்கக் கையில நாலு இருக்கட்டுமேன்னு வச்சேன். ஒன்றரை வருஷமா அப்படியே ஒண்ணொண்ணா..." என்று அசடு வழிந்தான்.

அவளுக்கு அழுகை அப்படியே நின்றது. ஒன்றரை வருடமாகத் தன் தலைக்கு மேலேயே, கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் பதினொன்று! அவனைக் கடித்துக் குதறலாமா, கட்டிப்பிடிக்கலாமா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தாள். அதற்குள் ஒரு பொறி தட்டியது. இந்தப் பரம சாதுவே பதுக்கியிருக்கிறான் என்றால்?

அக்காவுக்குப் போன் போட்டாள். "அக்கா, உண்மையைச் சொல்லு. ஷெட்டுல மறைச்சு வச்சிருக்கியா?"

எதிர்முனையில் அவசரமாக ஷெட்டுக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"யாருடி சொன்னா?" என்றாள் அக்கா.

"ஐயோ அக்கா! எத்தனை?"

"முப்பது. நானும் என்னடி பண்ணுவேன்? பாத்துப் பாத்து அடுக்கி வைக்கிறது நானு, உன் பொட்டி பத்தைத் தூக்கி உன் நாத்தனாருக்கு அனுப்புங்குது. எனக்கு வயித்தெரிச்சலா இருக்காதா? வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு குறைச்சுச் சொன்னேன். நீ அவகிட்ட மூச்சு விடக்கூடாது, ஆமா!"

கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். பொய் சொன்னவர்கள்மேல் இப்படி ஆசை பொங்குமா? பொங்கியது. பதினொன்றும் முப்பதும் நாற்பத்தொன்று. இன்னும் இருபத்தைந்துதான். அக்காவே முப்பது என்றால் நாத்தனார் சும்மாவா இருப்பாள்? தலைகால் புரியாத சந்தோஷத்தில், அக்காவைப் போனில் வைத்துக்கொண்டே நாத்தனாரையும் அழைப்பில் சேர்த்துவிட்டாள். அங்கேதான் புத்தி பிசகியது.

"உன்கிட்ட கணக்குல வராதது எத்தனை இருக்கு? கூச்சப்படாம சொல்லு. அக்காவே முப்பது வச்சிருந்தா."

"அடிப்பாவி, போட்டுக் குடுத்துட்டியே!" என்று அக்கா அலறினாள்.

நாத்தனாரின் குரல் விறைத்துக்கொண்டது. "அண்ணி, என்னை என்னன்னு நினைச்சீங்க? மத்தவங்க செய்வாங்க. நான் அந்த மாதிரி ஆள் இல்ல. முப்பத்தாறுன்னா முப்பத்தாறு."

"பாத்தியாடி, என்னைத்தான் குத்திக் காட்டுறா!" என்றாள் அக்கா. நாத்தனார் போனை வைத்துவிட்டாள். திரும்பத் திரும்ப அழைத்தும் எடுக்கவில்லை. மாலையில், இருப்பதை எடுத்துக்கொண்டு நாளை மதியம் வருகிறேன் என்று ஒரு வரிச் செய்தி மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அக்கா ஆட்டோ நிறையத் தலையணையோடு வந்து இறங்கினாள். கூடம் முழுக்க அடுக்கியதில் நடக்க வழியில்லை. எண்பத்தொன்பது. நாத்தனாருடைய முப்பத்தாறும் சேர்ந்தால் நூற்றிருபத்தைந்து. கட்டிலுக்கடியில், பரணில், துணி மூட்டையில் என்று துழாவிப் பார்த்தார்கள். இன்னும் ஒளித்திருக்கிறானா என்று கணவனை இரண்டு முறை விசாரணை செய்தார்கள். அவன் அலமாரியைத் திறந்து சட்டைகளைக்கூட உதறிக் காட்டினான்.

மணி ஒன்று. கடைக்காரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ரத்து என்ற பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடுதிக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும். மூன்று மணி வரை பார்ப்பது, அதற்கு மேல் அழுத்திவிடுவது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. முப்பத்தாறு தலையணைக்கு இத்தனை பெரிய வேனா என்று அக்காதான் முதலில் முணுமுணுத்தாள். நாத்தனார் இறங்கினாள். யார் முகத்தையும் பார்க்காமல் பின்கதவின் கொக்கியைத் தட்டினாள். கதவு திறந்ததுதான் தாமதம், தலையணைகள் பொலபொலவென்று சரிந்து கடைக்காரியின் காலடியில் விழுந்தன.

கணவன் எண்ணினான். அக்கா சரிபார்த்தாள். அறுபத்தைந்து!

"நேத்து இல்லேன்னு சத்தியம் பண்ணாத குறையா பேசினியே!" என்றாள் கடைக்காரி.

"அவங்க லைன்ல இருக்கும்போது எப்படி அண்ணி சொல்றது?" நாத்தனார் அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தாள். "அவங்க முப்பதுன்னாங்க. என்கிட்ட இருபத்தொம்பதுதான். ஒண்ணு கம்மி."

அக்காதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். சிரிப்பு அடங்காமல் நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டே, "பரவாயில்லடி, அடுத்த வருஷம் என்னை முந்திடுவே" என்றாள். நாத்தனாரும் சிரித்துவிட்டாள். கடைக்காரி தலையணைக் குவியலில் மல்லாந்து விழுந்து, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். வேன்காரர்தான் மணியைக் காட்டிக் கத்தினார்.

மூன்று ஐம்பதுக்கு விடுதி வாசலில் இறக்கினார்கள். வார்டன் அம்மாள் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து எண்ணினாள். நூற்றைம்பது. கையெழுத்துப் போட்டாள். ஆர்டர் முடிந்தது என்று போனில் பச்சை எழுத்து வந்ததும் நாலு பேரும் விடுதிப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, நடுத்தெருவில் கைகோத்துக் குதித்தார்கள்.

திரும்பி வரும் வழியிலேயே கடைக்காரி கறாராகச் சொல்லிவிட்டாள்: இனிமேல் ஒரு தலையணைகூடக் கணக்குக்கு வெளியே இருக்கக் கூடாது. மூவரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். வேன்காரரும் எதற்கு வம்பு என்று செய்தார்.

பத்து நாள் கழித்துப் புதுச் சரக்கு வந்தது. கடைக்காரியும் கணவனும் மாடியில் உட்கார்ந்து நிதானமாக இரண்டு தரம் எண்ணினார்கள். சுளையாக இருநூறு. அவள் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். விரலை வைத்தாள், எடுத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம் நூற்றுத் தொண்ணூற்றைந்து என்று தட்டினாள்.

பின்னாலிருந்து கணவன் எட்டிப் பார்த்தான். "ஏம்மா, இருநூறுன்னு எண்ணினோமே?"

கம்ப்யூட்டரம்மாவுக்குக் காதுவரை சிவந்துவிட்டது.

"நின்னு வேடிக்கை பாக்காம, அந்த ஸ்டூலை எடுத்துட்டு வாங்க" என்றாள்.