தட்டு வரிசையோடு கல்லூரி பார்க்கப் போனோம்

என் மகன் புவனேஸ்வரன் ஜோகூர் பாருவிலிருந்து கெடாவுக்கே திரும்பி வருகிறான் என்று போனில் சொன்னதும் நான் அடுப்பை மறந்துவிட்டேன். ரசம் பொங்கி வழிந்து, அடுப்பே அணைந்து போயிருந்தது. போகட்டும், ரசம் நாளைக்கும் வைக்கலாம். கல்யாணமான கையோடு தெற்கே போனவன், தீபாவளிக்குத் தீபாவளி முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறவன், இப்போது அவனுடைய கம்பெனியே அவனைக் கூலிம் தொழிற்சாலைக்கு மாற்றியிருக்கிறது! சுங்கைப்பட்டாணியில், பாக்கார் ஆராங்கில் வாடகைக்கு வீடும் பேசிவிட்டானாம். நான் இருப்பது பாடாங் செராய். காரில் ஏறினால் ஒரு பாட்டுக் கேசட் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

“எல்லாரும் வர்றீங்கதானே?” என்று கேட்டேன்.

“யோகி மட்டும் வர மாட்டேங்கறாம்மா” என்றான்.

யோகேஸ்வரி என் பேத்தி. பள்ளிக் கடைசிப் பரீட்சை எஸ்.பி.எம். முடித்திருந்தாள். அவளுடைய தோழி ஒருத்தி ஜோகூரில் ஏதோ ஒரு கல்லூரியில் கணக்கியல் படிக்கச் சேர்ந்தாளாம். இவளும் அங்கேயே இடம் வாங்கிவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து அறை எடுத்துத் தங்கப் போகிறார்களாம். வருகிற திங்கட்கிழமைக்குள் அந்தக் கல்லூரிக்குச் சரி என்று பதில் சொல்ல வேண்டும்.

“நீ என்ன சொன்ன?”

“அவ படிப்பு, அவதான் முடிவு பண்ணணும். சனிக்கிழமை வீடு பாக்க எல்லாரும் மேல வர்றோம். அதோட சரி.”

எனக்கு அதோடு சரி இல்லை. குடும்பமே என் பக்கத்தில் வருகிறது, நான் பார்க்க ஆசைப்பட்ட ஒரு பிள்ளை மட்டும் அங்கேயே நிற்கிறது என்றால் எப்படி? அழுது காரியம் சாதிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவளுக்குப் பிடித்த மாதிரி ஒரு கல்லூரியை இங்கேயே கண்டுபிடித்துக் கண் முன்னால் காட்டிவிட்டால் போயிற்று!

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே வேலைதான். கோயிலில் கேட்டேன், பாசாரில் கேட்டேன், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே நர்சிடம் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கே தலைகால் புரியவில்லை. நம்மைச் சுற்றி இத்தனை இருக்கிறதா! டாக்டருக்குப் படிக்க ஓர் இடம், வாத்தியாராக ஓர் இடம், கூலிமில் பாலிடெக்னிக், வடக்கே சிந்தோக்கில் பெரிய பல்கலைக்கழகம், பாலத்தைத் தாண்டினால் பினாங்கு. இதில் எது யோகிக்கு?

திகாம் பத்துவில் இருக்கும் என் நாத்தனார் மாரியம்மாவைக் கூப்பிட்டேன்.

“அண்ணி, அந்தப் புள்ளைக்கு என்னா புடிக்கும்னு மொதல்ல சொல்லுங்க” என்றாள்.

யோசித்தேன். போன தீபாவளிக்கு வந்தபோது அவள் என் குசினியை விட்டு நகரவே இல்லை. அதிரசம் ஏன் நடுவில் உப்புகிறது, பாகு ஏன் ஒரு நாள் சரியாக வருகிறது, இன்னொரு நாள் ஏமாற்றிவிடுகிறது என்று கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினாள். சட்டிக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தாள். காய்ச்சலுக்கு வைக்கிறதாக்கும் என்று நான் பதறிப் போனேன்.

“சாப்பாட்டைப் பத்திக் கேள்வி கேக்கப் புடிக்கும்” என்றேன்.

“அப்ப எங்க வீட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு காலேஜ் இருக்குலா! ஃபூட் டெக்னாலஜின்னு பெருசா போர்டு போட்டிருக்கான். இந்தச் சனிக்கிழமை யாரு வேணாலும் உள்ள போய்ப் பாக்கலாமாம். பேனர் கட்டியிருக்கான்.”

சனிக்கிழமை! அவர்கள் வருகிற அதே சனிக்கிழமை. சாமியே தேதி குறித்துக் கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

நம் வீட்டுப் பிள்ளையை ஓர் இடத்தில் ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்கப் போகிறோம். வெறுங்கையோடா போவது? ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஆரஞ்சு. இன்னொரு தட்டில் முறுக்கு. மூன்றாவது தட்டில் அதிரசம். கல்யாணத்துக்கு வைத்திருக்கும் எவர்சில்வர் தட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்தேன், முகம் தெரிகிற அளவுக்கு.

ராத்திரி முழுக்கக் கார் ஓட்டிக் காலையிலேயே வந்து சேர்ந்தார்கள். யோகி வளர்ந்து, முடியைக் கழுத்தோடு வெட்டி, நல்ல லட்சணமாக இருந்தாள். கூடத்தில் இருந்த தட்டுகளைப் பார்த்தாள்.

“பாட்டி, யாருக்குக் கல்யாணம்?”

“உனக்குத்தான் காலேஜ் பாக்கப் போறோம்.”

“இதோடயா? அலாமாக்! அப்பா, சொல்லுங்கப்பா!”

புவனேஸ்வரன் சொல்லவில்லை. அவன் முறுக்கு தின்றுகொண்டிருந்தான். என் மருமகள் ஷீலாதான், “அத்தை, அங்கெல்லாம் இப்படிப் போக மாட்டாங்க. சும்மா பாத்துட்டு வர்றதுதான்” என்றாள்.

“பாத்துட்டு வர்றதுக்குத்தான் தட்டு. பொண்ணு பாக்கப் போனா மட்டும் கையை வீசிட்டா போறோம்?”

“சும்மா ஒரு தடவை பாக்கறேன் பாட்டி, அவ்வளவுதான்” என்றாள் யோகி. “திங்கக்கிழமை நான் ஜோகூருக்குச் சரின்னு சொல்லிருவேன். அப்புறம் மூஞ்சத் தூக்கி வச்சுக்கக் கூடாது.”

“சரி” என்றேன்.

ஒன்பது மணிக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் வீட்டுப்படியைத் தாண்டியாக வேண்டும் என்று எல்லோரையும் விரட்டினேன். திகாம் பத்துவில் மாரியம்மா ஏறிக்கொண்டாள். ஐந்து பேர், ஒற்றைப்படை, நல்ல சகுனம். மாரியம்மா பட்டுச் சேலையில் வந்திருந்தாள். நானும்தான். யோகி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, முகத்தைக் கைப்பையால் மறைத்துக்கொண்டாள்.

கல்லூரி வாசலில் காவலுக்கு ஒரு ஜாகா நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். தட்டுகளைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

“மாக்சிக், உள்ளே யாருக்கும் அன்பளிப்பு கொடுக்கக் கூடாது” என்றார் மலாயில், பெரியம்மா முறை வைத்து. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பையும் காட்டினார்.

“அன்பளிப்பு இல்லை, பலகாரம்” என்றேன் எனக்குத் தெரிந்த தோட்டத்து மலாயில்.

“பலகாரமும் அன்பளிப்புதான்.”

யோகி திரும்பப் போய்க் காருக்குள் உட்கார்ந்துவிட்டாள். “போலாம்பா, ப்ளீஸ். எல்லாரும் பாக்கறாங்க!” உண்மைதான். அப்பாக்களும் அம்மாக்களுமாக வந்திருந்த கூட்டம் முழுவதும் எங்களைத்தான் பார்த்தது. நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றேன். ஒரு வாரமாகத் தேடிப் பிடித்த இடம்! நானே கெடுத்துவிட்டேனோ? ‘தட்டைத் தூக்கிக் காரில் போடு, பிள்ளை உள்ளே போகட்டும்’ என்று புவனேஸ்வரன் கண்ணாலேயே சொன்னான்.

அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு பெண் வேகமாக வந்தார். வெள்ளைக் கோட்டு, தலையைச் சுற்றிப் பூப்போட்ட தூடோங், கழுத்தில் அட்டை. தட்டுகளைப் பார்த்தார், எங்கள் பட்டுச் சேலைகளைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“மாக்சிக், இது என்ன, பெண் கேட்டு வந்தீர்களா? எங்கள் வீடுகளிலும் இப்படித்தான் தட்டு தூக்கிக்கொண்டு போவோம்.”

“பெண் கேட்கவில்லை, பெண்ணைக் கொடுக்க வந்தோம்” என்றேன்.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பெயர் நோர்லீசா, மரியாதைக்குப் புவான் நோர்லீசா; அங்கே விரிவுரையாளராம். ஜாகாவிடம் ஏதோ சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “அன்பளிப்பாக வாங்க முடியாது. ஆனால் இன்று ஆய்வுக்கூடத்தில் வருகிறவர்கள் கொண்டு வரும் தின்பண்டத்தைச் சோதித்துக் காட்டுகிறோம். சோதனைக்குக் கொடுக்கிறீர்களா?” என்றார்.

“என் முறுக்கைச் சோதிக்கிறதா? என்ன குறை அதில்?”

“அண்ணி, குடுங்க. வாசல்லயே நின்னுக்கிட்டு” என்று மாரியம்மா என்னைத் தள்ளினாள்.

காருக்குள் இருந்த யோகி கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். “எப்படிச் சோதிப்பீங்க?” என்று மலாயில் கேட்டாள். அது வரைக்கும் அவள் குரலில் நான் கேட்காத அவசரம் அதில் இருந்தது.

உள்ளே பெரிய கூடம். எல்லாம் வெள்ளையாய், ஆஸ்பத்திரி மாதிரி, ஆனால் வெனிலா வாசனை. மேசை மேல் ஓர் இயந்திரம். தையல் மெஷின் மாதிரி ஒரு தலை, கீழே ஒரு தட்டையான மேடை. புவான் நோர்லீசா என் முறுக்கு ஒன்றை எடுத்து அந்த மேடையில் வைத்தார். மேலிருந்து ஒரு கம்பி மெதுவாக இறங்கி முறுக்கை அழுத்தியது. பக்கத்தில் கணினித் திரையில் ஒரு கோடு மலை மாதிரி ஏறிக்கொண்டே போனது. ஏறிக்கொண்டே போனது. முறுக்கு உடையவே இல்லை.

“இன்னும் உடையலையே!” என்றாள் ஷீலா.

‘டக்’ என்று ஒரு சத்தம். முறுக்கு தெறித்து மாரியம்மாவின் பட்டுச் சேலையில் விழுந்தது.

அடுத்து மேசையில் இருந்த ஒரு பாக்கெட் முறுக்கை, கடையில் வாங்கியதுதான், வைத்து அழுத்தினார். கோடு சின்னச் சின்னக் குன்றுகளாகப் போக, பாதியிலேயே முறுக்கு உடைந்துவிட்டது.

“நான் எத்தனை வருஷமா சொல்றேன்” என்றாள் மாரியம்மா. “அண்ணி முறுக்கைக் கடிச்சா பல்லு போயிரும்னு. இன்னிக்கு மெஷினே சொல்லிருச்சு!”

“உன் பல்லு சரியில்லைன்னா முறுக்கு என்னடி பண்ணும்?”

எல்லோரும் சிரித்தோம். யோகி மட்டும் சிரிக்கவில்லை. அவள் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

“பாட்டி, மாவுல வெண்ணெய் போட்டீங்களா?”

“உங்கப்பனுக்குக் கொலஸ்ட்ரால்னு சொன்னாங்க. கொறச்சுட்டேன்.”

“அதான்! கொழுப்பு இருந்தா மாவு நடுவுல காத்து நிக்கும், இல்லையா புவான்? அப்ப இந்தக் கோடு ஏன் கடைசியில ஒரே அடியா விழுது, கடை முறுக்குக்கு மட்டும் ஏன் படிப்படியா விழுது?”

தமிழில் ஆரம்பித்து மலாயில் முடித்துவிட்டாள். புவான் நோர்லீசா ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கம் போட்டார். அப்புறம் இரண்டு பேரும் பேசியது எனக்குப் பாதிதான் புரிந்தது. அதிரசத்தையும் அழுத்தினார்கள். வாழைப்பழத்தைக்கூட அழுத்தினார்கள், அது மேடை முழுவதும் வழிந்தது, யோகி கைகொட்டிச் சிரித்தாள். மற்ற பெற்றோர்களெல்லாம் வரிசை கட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவளை வெளியே கொண்டு வர ஷீலா இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

கிளம்பும்போது, யோகியின் மதிப்பெண்ணுக்கு இடம் உண்டு என்று புவான் நோர்லீசா சொன்னதும், நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “காலையில் பாக்கார் ஆராங்கிலிருந்து வந்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம்தானே?”

“முதல் வருடம் எல்லோரும் விடுதியில்தான் தங்க வேண்டும் மாக்சிக்” என்றார் புவான் நோர்லீசா. “வார விடுமுறை வெள்ளி, சனியில் வீட்டுக்குப் போகலாம்.”

என் முகம் சுருங்கியது எனக்கே தெரிந்தது. பேத்தி பக்கத்தில் வந்தும் ராத்திரி அங்கேதான் தூங்குவாளா? புவனேஸ்வரன் என் தோளில் கை வைத்தான்.

“ஜோகூர்ல இருந்தா வெள்ளிக்கிழமையும் வர மாட்டாளேம்மா” என்றான்.

அதுவும் சரிதான்.

வாசலில் காரில் ஏறப் போகும்போது புவான் நோர்லீசா ஓடி வந்தார். என் மூன்று தட்டுகளும் அவர் கையில். காலியாக இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த அன்னாசி ஜாம் குப்பிகள், மாணவர்கள் செய்ததாம், ஒவ்வொரு தட்டிலும் ஒன்று.

“தட்டைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க எங்கள் அம்மா விட மாட்டார்” என்றார்.

மாரியம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். எனக்கும் அதே நேரத்தில்தான் உறைத்தது. நாம் தட்டு கொடுத்து, அவர்கள் தட்டு கொடுத்து... நம் வழக்கத்தில் அதற்கு அப்புறம் பேச்சே கிடையாது!

“யோகி!” என்றேன். “தட்டு மாத்தியாச்சுடி!”

“பாட்டி, அது கல்யாணத்துக்கு லா!”

“எதுக்கா இருந்தா என்ன? மாத்தினா மாத்தினதுதான்.”

அவள் காரில் ஏறி, மடியில் ஒரு ஜாம் குப்பியை வைத்துக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திகாம் பத்து தாண்டும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பிறகு அவள் போனை எடுத்தாள். தோழியைத்தான் கூப்பிட்டாள்.

“ஏய், நான் அங்க வரலடி... இல்லலா, கோவிக்காத. கேளு, இங்க ஒரு மெஷின் இருக்கு, முறுக்கை அழுத்துது... சத்தியமா! நீ ஒரு தடவை வந்து பாரு...”

மாரியம்மா அங்கேயே உட்கார்ந்தபடி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். அவளை வீட்டில் இறக்கிவிட மறந்து, திகாம் பத்துவையே தாண்டி வந்துவிட்டோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது.

“திரும்ப வேணாம்” என்றாள் அவள். “அண்ணி வீட்டுக்கே வர்றேன்.”

போனை வைத்ததும் யோகி முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

“ஒரு கண்டிஷன் பாட்டி. ரெஜிஸ்ட்ரேஷன் அன்னிக்குத் தட்டு கிடையாது.”

“சரி. தட்டு கிடையாது.”

“பட்டுச் சேலை கிடையாது.”

“அதை அன்னிக்குப் பாத்துக்கலாம். இப்ப பாசார்ல நிறுத்தச் சொல்லு உங்கப்பாவை.”

“எதுக்கு?”

“வெண்ணெய் வாங்கணும்” என்றேன். “அந்த மெஷின் என்னை என்னன்னு நெனச்சுக்கிட்டிருக்கு?”