இரண்டு தட்டு

கோழியின் கால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து டிரங்குப் பெட்டிக்குள் இறக்கினாள் மகள். அது சத்தம் போடவில்லை. மூன்று வருடமாகச் சத்தம் போடாமல் பழகிய கோழி. இன்னொன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு தம்பி நின்றான்.

"சீக்கிரம் குடுடா."

"இது மூத்தவளா, இளையவளாக்கா?"

"எவளா இருந்தா என்ன? குடு."

அம்மா அவற்றை மருமகள்கள் என்றுதான் சொல்வாள். 'மூத்த மருமக இன்னைக்குச் சரியாவே சாப்பிடல' என்றால் சுவருக்கு அப்பால் அது குடும்பப் பேச்சாகத்தான் கேட்கும். தம்பிக்கு இருப்பது ஒரே மனைவி. விஷயம் தெரிந்தபோது அவள் இரண்டு மாதம் மாமியாரோடு பேசவில்லை.

அம்மா கட்டிலில் கிடந்தாள். விடியற்காலையில் உயிர் போயிருந்தது. தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பல்வலிக்காரி மாதிரி இருந்தாள்.

அந்தக் குடியிருப்பில் யார் இறந்தாலும் அலுவலகத்திலிருந்து வந்து வீட்டைச் சோதித்துச் சீட்டு கொடுக்க வேண்டும். சீட்டு இல்லாமல் வண்டிக்காரன் பிணத்தைத் தொடமாட்டான். வீட்டுக்குள் எதையும் வளர்க்கக் கூடாது, விளைவிக்கக் கூடாது என்பது சட்டம். வாயில் போடுவதெல்லாம் ரேஷன் கடையிலிருந்துதான் வர வேண்டும். ஜன்னலில் டப்பா வைத்து வெங்காயத்தாள் வளர்த்த மூன்றாம் மாடித் தையல்காரர் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போய் ஒரு வருடமாகிறது. எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை.

"கூடையில வெச்சு கறுப்புத் துணியப் போட்டா போதாதா? அம்மா அப்படித்தான பண்ணுவாங்க."

"துணியத் தூக்கிப் பாப்பாங்கடா. பெட்டின்னா சாவியக் காணோம்னு சொல்லிக்கலாம்."

"மூச்சு முட்டுமேக்கா."

"பத்து நிமிஷந்தான்."

மூடிக்கு அடியில் ஒரு மரக்கரண்டியைச் செருகினாள். ஒரு விரல் இடைவெளி கிடைத்தது.

"செத்தும் நமக்கு வேலை வெக்கிறாங்க பாரு" என்றான் தம்பி. சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

கதவு தட்டப்பட்டது. அவள் கரண்டியை உருவிவிட்டுப் பூட்டைப் போட்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அலுவலகத்திலிருந்து வந்தவர் கீழ்வீட்டுக் குமாஸ்தா. இவர்களுக்கு நேர் கீழே குடியிருப்பவர். எட்டு வருடத்தில் படிக்கட்டில் தலையாட்டியதற்கு மேல் பழக்கமில்லை. கூடவே சீருடையில் ஒரு காவலர்.

காவலர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். கூடையின் துணியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு பெட்டியைக் காலால் தட்டினார்.

"இதுல?"

"அம்மா துணிமணி சார். சாவிய எங்க வெச்சாங்கன்னு தெரியல."

"உடைச்சிடலாமா?" என்று குமாஸ்தாவைக் கேட்டார்.

"அட, நான் எங்கய்யா உக்கார்றது? அஞ்சு பக்கம் எழுதணும். நீ போய்ப் பரணையும் அடுப்படியையும் பாரு."

குமாஸ்தா பெட்டிமேல் உட்கார்ந்தார். கனத்த மனிதர். மூடி நெளிந்து உள்ளே இறங்கி இறுகும் சத்தம் கேட்டது.

இறந்தவர் வயது கேட்டார். வேலை கேட்டார். ரேஷன் அட்டையை வாங்கி மூலையில் கத்தரித்தார். நிதானமாக எழுதினார்.

"வீட்ல உயிரோட இருக்கிறது?"

"நான் ஒருத்திதான் சார். தம்பி வேற வீடு."

பெட்டிக்குள் தகரத்தைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. குமாஸ்தா பலமாக இருமினார். இன்னும் அழுத்தி உட்கார்ந்து, ஷூவால் தரையைத் தேய்த்தார். தம்பி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுப்படியில் காவலர் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தார். குமாஸ்தா பேனாவை நிறுத்தாமல் தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு தட்டு தட்டுவாங்க உங்கம்மா. நான் பாதிப் படி ஏறி வருவேன், அவங்க இறங்கி வந்து குடுப்பாங்க. எம்பொண்ணு எழுந்து உக்கார்றான்னா அதுலதான்மா."

அந்தத் தட்டு அவளுக்குத் தெரியும். முட்டை ஓட்டைக் குப்பையில் போட முடியாது. அம்மா அதை வாரம் முழுக்கச் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை குழவியால் பொடியாக்கித் தண்ணீரில் கரைத்துவிடுவாள். இடித்து முடித்ததும் குழவியைத் தரையில் இரண்டு முறை தட்டுவாள். ஒட்டியதை உதறுகிறாள் என்றுதான் மகள் நினைத்திருந்தாள். அன்றைக்கு மட்டும், 'இன்னைக்கு ரெண்டு பேரும் இடலடி' என்பாள் அம்மா.

"இனிமே யாரும்மா பாத்துப்பீங்க?" என்றார் குமாஸ்தா.

அவர் முகத்தைப் பார்த்தாள். அலுவலக முகம். கத்தரித்த ரேஷன் அட்டை அவர் மடியில் இருந்தது.

"எதை சார்?"

பேனா நின்றது.

"ஒண்ணுமில்லம்மா" என்றார். மீதிப் பக்கங்களையும் எழுதினார். பிறாண்டல் நின்றுவிட்டிருந்தது. அம்மா பழக்கியது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அவர் எழுந்தபோது வண்டி ஆட்கள் வாசலில் நின்றார்கள். சீட்டு கொடுத்தபின் உடலோடு எல்லாரும் இறங்கிவிட வேண்டும். காவலர்தான் கடைசியாக வருவார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் அவள். "அம்மா சால்வை ஒண்ணு எடுக்கணும்."

"எதுல இருக்கு?" என்றார் காவலர்.

அவள் பெட்டியைப் பார்க்கவில்லை.

"வேண்டாம் சார்" என்றாள்.

திரும்பி வர மதியம் மூன்று மணியாகிவிட்டது. தம்பி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பூட்டைத் திறந்தும் மூடி வரவில்லை. விளிம்பு வளைந்து இறுகியிருந்தது. குதிகாலால் இரண்டு முறை உதைத்தான்.

இரண்டும் ஒரே மூலையில் கிடந்தன, கரண்டி இருந்த மூலையில். இளையவள்மேல் மூத்தவள் ஏறியிருந்தாள். அம்மாவின் சால்வை முழுக்க இறகு.

"அக்கா" என்றான் தம்பி.

"போய்க் கைகால் கழுவிட்டு வா."

அவன் போனான். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். காவலர் உருட்டிவிட்ட குழவி காலருகே கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கீழிருந்து சத்தம் வந்தது. கழியின் நுனியால் கீழ்வீட்டுக் கூரையைத் தட்டுவது போல. மெதுவாக, இரண்டு முறை.

அவள் குழவியைக் கையில் பிடித்தாள்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் இரண்டு.

சால்வையின் ஒரு நுனியைத் தரைவரை இழுத்து, குழவியைச் சத்தம் வராமல் அதன்மேல் வைத்தாள்.