மூன்று மணி பஸ்ஸும் மொட்டைத் திருகாணியும்

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டேன். ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பேர். கரம்பொன்னில் ஒரு மனிதர் தன் காரிலிருந்து ஓர் ஆணியைக் கழற்றப்போய் மைத்துனரின் செத்தவீட்டையே தவறவிட்டாராம். அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் பின்னாலிருந்து இலவசமாகச் சிரித்தேன். கல்லூரி மலருக்குப் பகிடிக் கட்டுரை தருகிறேன் என்று மலராசிரியரை ஏய்த்துக்கொண்டிருந்த காலம். பண்ணைப் பாலம் வருவதற்குள் தலைப்புக்கூட கிடைத்துவிட்டது.

இறங்கும்போது ஒருவர் மற்றவரைக் கேட்டார்:

"அப்ப மனிசி?"

"மனிசி காருக்குள்ள இருந்தவவாம்."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்குப் பகிடி வரவில்லை. (மலராசிரியர் கவனிக்க: தாமதத்துக்குக் காரணம் சோம்பல் அல்ல. சோம்பலும்தான்.)

2

முதல் தொடக்கம்: "கரம்பொன்னில் அன்று காலை சூரியன் தன் பொற்கரங்களை—"

வேண்டாம். சூரியனுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.

இரண்டாவது: "திருகாணி என்பது மனித நாகரிகத்தின்—"

இது விரிவுரையாளர்கள் எழுதவேண்டியது. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

மூன்றாவது: யோகம்மா வெளிறிய சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு காரின் முன் சீற்றில் ஏறி இருந்தாள். மண்கும்பானில் அவளுடைய அண்ணன் அப்புத்துரை இரவு மோசம்போய்விட்டார், பின்னேரம் பிரேதம் எடுக்கிறார்கள் என்று காலையில் சைக்கிளில் ஒருவன் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஆறேழு மைல் தூரம். கணவர் அரியநாயகம் காரை ஸ்ராட் பண்ணினார். அது இருமியது. பிறகு இருமவும் இல்லை.

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன்.

3

அரியநாயகம் தெற்கில் கடை வைத்திருந்தவர். ஐம்பத்தெட்டில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் கடை எரிந்தது, கார் தப்பியது. வந்த கிழமையே கோயில் வீதியில் பத்துப் பேருக்கு முன்னால் அப்புத்துரை சொன்னார்: "எங்கட மச்சான் கெட்டிக்காரன். கடையை எரியவிட்டிட்டுத் தேரைக் கொண்டு வந்திட்டார்."

பத்துப் பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கதைபேச்சில்லை. இரண்டு வீடு என்பது இரண்டு ஆண்கள். யோகம்மாவைக் கேட்டு யாரும் கோபிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அண்ணனைக் கண்டதெல்லாம் திருவிழாக்களில், ஆண்கள் பக்கத்துக் கூட்டத்துக்குள், தலை மட்டும். அந்தத் தலை நரைத்ததை அவள் தூரத்திலிருந்து வருடா வருடம் பார்த்துவந்தாள்.

இன்று பின்னேரத்துக்குள் போனால் முகத்தைக் கிட்டப் பார்க்கலாம். வாய்க்கரிசி போடலாம். பிரேதம் படலை வாசலைத் தாண்டிவிட்டால் முடிந்தது. அந்த ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை.

4

இனித் திருகாணி. பொனற்றைத் திறந்தால் டிஸ்ரிபியூற்றர் என்றொரு கறுப்புச் சிமிழ் இருக்கும். அதற்குள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள், பொயின்ற் என்பார்கள். அவை கருகிப் போனால் பொறி வராது. பொறி வராவிட்டால் கார் வெறும் உட்காருகிற கதிரை.

பொயின்ற்றைப் பிடித்திருந்த திருகாணி உழுந்தளவு. அரியநாயகம் அலுமாரிக் கதவு பூட்டுகிற பெரிய ஸ்குரூ டிறைவரை வைத்து நெரித்தார். ஆணியின் தலையிலிருந்த வெட்டு மழுங்கியது. இன்னொருமுறை நெரித்தார். தலை மொட்டை.

(அடிக்குறிப்பு: உடைத்தெறிந்துவிட்டு வேறு போடலாமே என்பவர்களுக்கு: இது எழுபத்துமூன்றாம் ஆண்டு. உதிரிப்பாகம் இறக்குமதி இல்லை. அந்த ஆணி உடைந்தால் அந்தக் காருக்கு வேறு ஆணி இல்லை.)

மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டை வெட்டித் தலைமேல் வைத்து அமர்த்தித் திருப்பினார். குறட்டால் பிடிக்கப் பார்த்தார். குறட்டின் வாய் உள்ளே போகவில்லை. மத்தியானமும் போய்விட்டது.

5

வேலிக்கு மேலால் அயல்வீட்டு மார்க்கண்டுவின் தலை தெரிந்தது.

"அரியநாயகம் அண்ணை, கார் வேலையோ?"

"இல்லை, கறி காய்ச்சிறன்."

"மூண்டு மணி பஸ் வரப்போகுது. அக்காவை அதில ஏத்திவிடுங்கோவன்."

"கார் நிக்க என்ர மனிசி பஸ்ஸில போய் இறங்கிறதோ? மண்கும்பானார் பாத்துச் சிரிக்கிறதுக்கோ?"

"சிரிக்கிற ஆள் செத்துப்போச்சு, அண்ணை."

அரியநாயகம் ரியூப் துண்டை மறுபடி ஆணித் தலையில் அமர்த்தினார். மார்க்கண்டு பின்னும் சொன்னார்:

"அதைக் கழட்டவே தேவையில்லை எண்டு சொல்லுறவை. நெருப்புப் பெட்டியின்ர மருந்துப் பக்கத்தைக் கிழிச்சு உள்ளுக்க விட்டு ரண்டு தரம் தேய்ச்சாப் போதுமாம்."

"மார்க்கண்டு, உம்மட கார் என்ன நிறம்?"

மார்க்கண்டுவிடம் கார் இல்லை. தலை மறைந்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள் யோகம்மா, உள்ளிருந்து. "நான் பஸ்ஸில போறன்."

"இந்தா, கழருது. இரும்."

கழரவில்லை.

6

இங்கே நான் எழுத்தை நிறுத்திவிட்டு முற்றத்தில் நடந்தேன். அரியநாயகத்தை நம்புவதா? நெருப்புப் பெட்டி வித்தை, பதினைந்து வருடத்துக்கு மேல் கார் வைத்திருக்கிறவருக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டேதான் நெரித்தார் என்று ஒரு பந்தி எழுதினேன். பகிடிக்காரனுக்கு வில்லன் வசதியானவன். வாசித்துப் பார்த்தேன்; ஓர் உழுந்தளவு ஆணியோடு மல்லுக்கட்டுகிற கிழவரை வில்லனாக்க என்னால் ஏலவில்லை. பந்தியை வெட்டினேன். சந்தேகத்தை வெட்டவில்லை.

பஸ் வந்தது. என் கதை, என் பஸ். எவ்வளவு நேரமும் நிறுத்திவைக்கலாம். நிறுத்தினேன்.

யோகம்மா கதவைத் திறந்து இறங்கி—

யோகம்மா கதவைத் திறந்து—

யோகம்மா கதவில் கை வைத்து—

மூன்று தரம் எழுதினேன். மூன்று தரமும் அவள் சீற்றிலேயே இருந்தாள். காரணம் பிந்தித்தான் விளங்கியது. ஐம்பத்தெட்டில் அரியநாயகம் காப்பாற்றியது காரை அல்ல. கல்லாவைத் திறக்காமல், கடையைப் பூட்டாமல், அவளை இந்தச் சீற்றில் ஏற்றிக்கொண்டு ஓடிவந்தார். அதைப் பத்துப் பேருக்கு முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தேர்ப் பகிடியை விழுங்கிக்கொண்டு நின்றார். இது அவளுக்குத் தெரியும். அந்தக் காரிலிருந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த அண்ணனுக்காக இறங்குவது எப்படி?

கொண்டக்டர் மணி அடித்தார். நான் அடிக்கச் சொல்லவில்லை.

7

இரும்பறுக்கும் வாளின் முறிந்த அலகு ஒன்றால் அரியநாயகம் மொட்டைத் தலையில் புது வெட்டு ஒன்று கீறினார். திருகாணி ஒன்றும் நடக்காததுபோலச் சுழன்று வந்தது. பொட்டுகளைத் தேய்த்து, அதே ஆணியைப் பூட்டி, ஸ்ராட் பண்ணினார். கார் பாடிக்கொண்டு ஓடியது.

மண்கும்பானில் பெண்கள் வீடு கழுவிக்கொண்டிருந்தார்கள். படலையில் நின்ற உறவுக்காரர் ஒருவர் கிட்ட வந்தார்.

"கார் வைச்சிருக்கிறவை, வந்திடுவினம் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். பஸ்ஸிலயும் ஒருத்தரும் இறங்கேல்லை. சரி, பழைய கோபம் ஆறேல்லையாக்கும் எண்டு எடுத்திட்டம்." பிறகு அரியநாயகத்திடம்: "நீங்கள் சுடலைக்கு ஓடுங்கோ. இன்னும் கொள்ளி வைச்சிருக்க மாட்டினம்."

யோகம்மா இறங்கினாள். அவர் போனார். எஞ்சினை நிறுத்தாமல் போனார். நிறுத்தினால் திரும்பப் பிடிக்குமோ என்ற பயம். பதினைந்து வருடத்தை அந்த முகத்தைப் பார்க்காமலிருக்கச் செலவழித்த மனிதர், அதைக் கடைசியாகப் பார்த்தவர்களில் ஒருவரானார். ஈர முற்றத்தில், கழுவுகிற பெண்களுக்கு இடைஞ்சலாக, தங்கச்சி நின்றாள்.

8

முடிவுகள் என்னிடம் சில இருந்தன. ஒன்றில் பிரேதம் காத்திருந்தது. இன்னொன்றில் அவள் இறங்காமல் "நானும் வாறன்" என்று சுடலைக்கே போனாள். நல்ல முடிவு, கைதட்டுவார்கள். இரண்டையும் கிழித்தேன். கைதட்டிவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அவள் அந்த முற்றத்திலேயே நிற்பாள்.

அரியநாயகம் திரும்பி வந்து, கிணற்றடியில் தலைக்கு வார்த்துக்கொண்டு, ஈர வேட்டியோடு நின்றார். அவள் கிட்டப் போனாள்.

"முகம் எப்பிடி இருந்தது?"

அவர் சொன்னார்: "                              ."

இந்த இடத்தை உங்களுக்கு விட்டிருக்கிறேன். அவர் பார்த்தார், நான் பார்க்கவில்லை. எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். "நித்திரை கொள்ளுற மாதிரி" என்று மட்டும் எழுதவேண்டாம். எல்லாச் செத்தவீட்டிலும் அதைத்தான் சொல்கிறார்கள். அண்ணன் நித்திரை கொள்வதைப் பக்கத்துப் பாயில் கிடந்து பார்த்து வளர்ந்தவள் அவள். பொய் என்றால் பிடித்துவிடுவாள்.