எண்ணெய் குடித்த பிரேக்

டிஸ்க் பிரேக் கத்துகிறது என்று எந்த சைக்கிள் வந்தாலும் அண்ணன் அதைத் தம்பியின் பக்கம் தள்ளிவிடுவான். கடை அண்ணனுடையது. தம்பிக்கு வலது முழங்கால் மடங்காது. உயரமான ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்து, சக்கரத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் டிஸ்க்கைத் துடைப்பான். ஒருமுறை துடைத்த பக்கத்தை மறுபடி டிஸ்க்கில் வைக்க மாட்டான். துணியை மடித்துப் புதுப் பக்கம் எடுப்பான். விரலில் இருக்கும் பிசுக்கு பட்டால்கூடப் பிரேக் ஊளையிடத் தொடங்கிவிடும். எண்ணெய் பட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம், வண்டி நிற்காது.

பந்தயம் ஓட்டிய காலத்தில் அவனுக்குக் காத்து என்று பட்டப்பெயர். மலைப்பாதையில் இறங்கும்போது அவன் பின்னால் யாரும் ஒட்ட முடியாது. அப்படி ஒரு பந்தயத்தில்தான் வளைவில் திரும்ப முடியாமல் தடுப்புச் சுவரில் மோதி மறுபுறம் விழுந்தான். கால் போன பிறகும் அண்ணன் அந்தப் பெயரை விடவில்லை. பஞ்சர் வண்டியோடு யாராவது வந்தால், "உங்க டயர்ல இன்னிக்குத்தான் காத்து போச்சு. எங்க வீட்டுக் காத்து என்னிக்கோ போயிடுச்சு, அதோ ஸ்டூல்ல உக்காந்திருக்கு பாருங்க" என்பான். வந்தவர்கள் சிரிப்பார்கள். தம்பியும் கூடவே சிரிப்பான். இருக்க மாடியில் ஓர் அறையும், வேலையும், அண்ணி கையால் வேளாவேளைக்குச் சாப்பாடும் கொடுப்பவனிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியுமா?

விபத்தைப் பற்றி யார் கேட்டாலும் அண்ணன்தான் பதில் சொல்வான். "தலைக்கனம் சார். எல்லாரும் பாக்கணும்னு கடைசி வரைக்கும் பிரேக்கைப் புடிக்கல."

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் தம்பி வேறு மாதிரி சொன்னான். "புடிச்சேண்ணே. ஊளை விட்டுச்சு, ஆனா நிக்கல."

"பயத்துல உனக்கு என்ன கேட்டுச்சோ. வண்டிய ரெடி பண்ணது நான்டா. எனக்குத் தெரியாதா?"

நாளடைவில் அண்ணன் சொன்னதே அவனுக்கும் நினைவாகிவிட்டது. லேட்டாகத்தான் பிடித்திருப்பேன் என்று அவனே நம்பினான்.

ஒருநாள் முற்பகலில் அண்ணன் சரக்கு எடுக்கப் போயிருந்தபோது ஒரு டீச்சர் பழைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேட் தேய்ந்து உள்தகடு தெரிந்தது. அந்த மாடல் பேட் இப்போது வருவதில்லை. தம்பிக்குத் தன் பந்தய வண்டி ஞாபகம் வந்தது. அதிலும் அதே பிரேக்தான். விபத்துக்குப் பிறகு அண்ணன் அதைத் தார்ப்பாயில் சுற்றிப் பரணில் போட்டிருந்தான். "உன் கண்ணுல பட்டா மனசு கஷ்டப்படும்" என்று அப்போது அவன் சொன்னதைக் கேட்டுத் தம்பி அழுதிருக்கிறான்.

சாயங்காலம் வரும்படி டீச்சரை அனுப்பிவிட்டு, பக்கத்துக் கடைக்காரரைப் பரணில் ஏற்றித் தன் வண்டியை இறக்கினான். முன் பிரேக்கிலிருந்து பேட்டைக் கழற்றினான். அதன் முகம் கறுத்துக் கண்ணாடிபோல் பளபளத்தது. உப்புத்தாளில் தேய்த்தான். பிறகு மிச்சப் பிசுக்கு எரியட்டும் என்று இடுக்கியில் பிடித்து கேஸ் பர்னரில் காட்டினான். நல்ல பேட் என்றால் சும்மா சூடாகும். இது பொரிந்தது. ஓரங்களிலிருந்து எண்ணெய் கசிந்து புகைந்தது. அடுத்த பேட்டும் அப்படியே. பின் பிரேக்கிலும் அதே கதை. விபத்தில் விழுந்ததால் மட்டும் நான்கு பேட்டிலும் எண்ணெய் ஏறாது. யாராவது ஸ்பிரே அடித்தால்தான் ஏறும். பந்தயத்தன்று அந்த வண்டியைத் தொட்டவன் ஒருவன்தான்.

அண்ணன் உள்ளே வரும்போது கடை முழுக்கப் புகை.

"என்னடா கருகுது?"

"என் வண்டி பேட்ணே."

அண்ணன் பரணைப் பார்த்தான். பிறகு பேட்டைப் பார்த்தான். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கினான்.

"உங்களுக்கு எப்பண்ணே தெரியும்?"

"அன்னிக்குக் காலைலயே தெரியும். செயின் சத்தம் போட்டுச்சுன்னு எண்ணெய் ஸ்பிரே அடிச்சேன். ரெண்டு சக்கரத்துலயும் தெறிச்சிருச்சு. டிஸ்க்குல கலர் கலரா மினுங்குச்சு. தொடைக்கலாம்னு பாத்தா உன்னைக் கூப்டுட்டாங்க. ரெண்டு தடவை புடிச்சா காஞ்சிரும்னு நினைச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெதுவா இறங்கியிருப்பேன்."

"மெதுவா இறங்கினா தோத்திருப்பே. சட்டைல நம்ம கடைப் பேரு இருந்துச்சு."

"அப்பறம் ஏன்ணே என்மேல பழி போட்டீங்க?"

"நான் ரெடி பண்ண வண்டி நிக்கலன்னு வெளில தெரிஞ்சா எவன் இங்க வருவான்? உன்னையும் சேத்துத்தானே இந்தக் கடை காப்பாத்துது." அண்ணனின் குரலில் கோபம்கூட இல்லை. "இப்ப தோண்டி என்ன பண்ணப் போறே? கால் மடங்கிருமா? இல்ல, வேற எங்கயாவது போய் பொழைச்சுக்குவியா? அங்க நிக்குற வண்டியப் பாரு."

உள்வாசலில் சாப்பாட்டுத் தட்டோடு அண்ணி நின்றுகொண்டிருந்தாள். அவள் திடுக்கிடவில்லை. தட்டை ஸ்டூல் பக்கத்தில் வைத்துவிட்டு, தம்பியை நிமிர்ந்து பார்க்காமல் போனாள். அவளுக்கும் தெரியும் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை அண்ணன் வழக்கம்போல நண்பர்களோடு சைக்கிளில் மலைக்குக் கிளம்பினான். ஹெல்மெட்டை மாட்டும்போது தம்பி மரியாதையாகக் கேட்டான்.

"பிரேக் பாத்துட்டீங்களாண்ணே?"

அண்ணன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அடுத்த நாளும் தம்பி கேட்டான். அதே குரல், அதே மரியாதை. அதற்கடுத்த நாள் அண்ணன் கிளம்பிய வண்டியை நிறுத்தி, குனிந்து டிஸ்க்கை முகர்ந்து பார்த்தான். தம்பி அந்த வண்டியைத் தொட்டதே இல்லை. தொட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அண்ணன் புதுப் பேட் மாட்டினான். டிஸ்க்கைத் தானே ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். வண்டியைப் படுக்கையறைக்கே கொண்டுபோய்க் கட்டிலோடு பூட்டினான். அப்படியும் மலை இறக்கத்தில் பிரேக் லேசாக முனகினால் அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. நண்பர்கள் சீறிக்கொண்டு இறங்க, அவன் வண்டியை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு வந்தான். "மெக்கானிக்கு வண்டிக்கே பிரேக் இல்லையா?" என்று அவர்கள் கடைக்கு வந்தே கேலி செய்தார்கள்.

அவர்கள் போனதும் அண்ணன் தம்பியின் சட்டையைப் பிடித்தான். "என்னடா தடவினே அதுல?"

"நான் தொடவே இல்லண்ணே. பாத்தீங்களான்னு கேட்டேன். அவ்வளவுதான்."

அண்ணன் அறைந்தான். ஸ்டூல் கவிழ்ந்தது. மடங்காத காலோடு தம்பியால் எழ முடியவில்லை. வாசலில் நின்ற இருவர் ஓடி வந்து கை கொடுத்தார்கள். அவர்களைப் பிடித்துக்கொண்டு எழுந்தவன், உதட்டு ரத்தத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னான்: "நாளைக்கும் பாத்துட்டுப் போங்கண்ணே."

அந்த வாரமே அண்ணன் விழுந்தான். முன் சக்கரத்தில் ஏதோ முனகல் கேட்டிருக்கிறது. பிரேக் நிற்குமா என்று பார்க்க, இறக்கத்தின் நடுவில் முழு பலத்தோடு லிவரை அமுக்கியிருக்கிறான். மாய்ந்து மாய்ந்து துடைத்து வைத்த பிரேக், கச்சிதமாகப் பிடித்தது. சக்கரம் அங்கேயே நிற்க, அவன் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து முகம் அடிபட விழுந்தான். தாடை உடைந்து, கம்பி போட்டுக் கட்டினார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் தூங்கவில்லை. தம்பிதான் ஏதோ செய்துவிட்டான் என்று சிலேட்டில் எழுதி எழுதிக் காட்டினான்.

இப்போது கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான். ஒரு மத்தியானம் அண்ணி வந்து பெஞ்சின் ஓரத்தில் நின்றாள்.

"தம்பி, உங்ககிட்ட பேச எனக்குத் தகுதி இல்ல. தெரிஞ்சே வாயை மூடிட்டிருந்தேன். ஆனா ஒரே ஒரு தடவை மேல வந்து, நீங்க கை வைக்கலன்னு அவர்கிட்ட சொல்லுங்க. கண்ணை மூடினா பதறி எழுந்திருக்கிறாரு. பாக்க முடியல."

அவன் கையிலிருந்த துணியை மடித்துப் புதுப் பக்கம் எடுத்தான். தனக்குள் கொஞ்சம் இரக்கம் இருக்கிறதா என்று உண்மையாகவே தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. அது அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. மேலே அண்ணன் நடக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் வரை போய்த் திரும்பியது, மறுபடி போனது.

"பசிக்குது அண்ணி" என்றான். "சாப்பாடு எடுத்து வைங்க."

அண்ணி உள்ளே போய் அவனுடைய தட்டைக் கழுவினாள்.