கிழக்குப் பக்கம் ஆயிரம் பேர்

அந்த மைதானத்தில் இருபத்திரண்டாயிரம் நாற்காலிகள். அத்தனையும் மடக்கு நாற்காலிகள். உட்கார்ந்தவர் எழுந்ததும் அடியில் இருக்கும் சுருள்வில் இழுக்க, ‘டப்’ என்று தானாக மடங்கிக்கொள்ளும். உட்காரும் பக்கம் நீலம், அடிப்பக்கம் வெள்ளை. கூரைமேல் நின்று பார்த்தால் ஆள் இல்லாத இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும். நாட்டின் பெண்கள் அணி சொந்த மண்ணில் கால்பந்து ஆடும் நாட்களில், மைதானம் சுண்ணாம்பு அடித்துவிட்டது போல இருக்கும்.

கூரைமேல் நின்று பார்ப்பவர் மைதானத்தின் பண்டகக் காப்பாளர். பந்து, வலை, மூலைக்கொடி, சுண்ணாம்பு மூட்டை எல்லாம் அவர் பொறுப்பு. ஆட்ட நாளில் கூடுதலாக ஒரு வேலை, வந்தவர்களை எண்ணுவது. கால்பந்துச் சங்கம் அலுவலகம் அலுவலகமாக இலவசச் சீட்டு அனுப்பும். வாங்கியவர்கள் அதை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். சீட்டுக் கணக்கு வேறு, ஆள் கணக்கு வேறு. அதனால் அறுபதாவது நிமிடம் அவர் கூரையில் ஏறி, கட்டைவிரலால் அமுக்க அமுக்க எண் ஏறும் சின்னக் கருவியை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக எண்ணுவார். எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அறிவிப்பாளர் கையில் கொடுப்பார். எழுபதாவது நிமிடம் அந்தப் பெண் அதை ஒலிபெருக்கியில் படிப்பாள். இதனால் ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் தலையெண்ணி.

“என்னண்ணே, இன்னைக்குக் கூட்டத்தை அடக்க நாம ரெண்டு பேர் போதுமா?” என்பார் வாசல் காவலர்.

“நீ வேற. ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பிடலாம்.”

வேலைநாளில் மத்தியானம் மூன்று மணிக்கு ஆட்டம் வைத்தால் யார் வருவார்கள்? விளக்கு போட்டால் மின்சாரச் செலவு என்பது சங்கத்தின் கவலை. வருகிற கொஞ்சம் பேரிலும் பாதி எதிரணிச் சட்டை.

தலையெண்ணி பேச்சில் கஞ்சன். கேட்ட கேள்விக்கே யோசித்துத்தான் பதில் வரும். ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் அவருக்குப் பதில் சொல்ல முடியாமலே போனது. அதைக் கேட்டவள் அவருடைய மகள். அந்த அணியின் கோல்காப்பாளர் அவள்தான்.

ஓர் ஆட்டம் முடிந்த சாயங்காலம், சமையலறையில் முழங்கால்மேல் ஐஸ்கட்டிப் பையை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள். “கம்பத்துக்கிட்ட நின்னா எல்லாமே கேக்குதுப்பா. மேல் வரிசையில ஒருத்தர் போன்ல, ‘சும்மாதான் இருக்கேன், சொல்லு, வேலை ஒண்ணும் இல்ல’ங்கிறார். எனக்கு அப்போ கார்னர்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“யாரு முன்னாடி விழுந்து எழுந்திரிக்கிறேன்? சொல்லுங்க. இந்த வருஷத்தோட விட்டுடலாம்னு இருக்கு.”

எட்டு வயதில் வீட்டு நடையில் இரண்டு செருப்பைக் கம்பமாக வைத்து நின்றவள். பதினேழு வருடம். அவர் அந்தப் பையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் துணியால் துடைத்தார்.

அடுத்த ஆட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். சீட்டில் 212 என்று எழுதினார். பென்சில் முனையைச் சீட்டிலிருந்து எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், முன்னால் ஒரு கோடு இழுத்தார். ஒரே ஒரு கோடுதான்.

“ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர்” என்று ஒலிபெருக்கி சொன்னபோது, வந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மகள் மட்டும் கிழக்குப் பக்கம் திரும்பினாள். சாயும் வெயில் அந்த வெள்ளையில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. அவள் கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தாள். பிறகு அந்தக் கையை அப்படியே உயர்த்தி அசைத்தாள்.

அன்று வீட்டில் விட்டுவிடும் பேச்சு வரவில்லை.

அதற்கடுத்த ஆட்டத்தில் தலையெண்ணி கூரைக்குப் போனார். கிழக்குப் பக்கம் நடுவில் பெரிய நீலத் திட்டு ஒன்று தெரிந்தது. யாரும் இல்லை. ஆனால் நாற்காலிகள் இறங்கியிருந்தன. சுருள்வில் போய்விட்டது போல என்று நினைத்தார். இத்தனையும் ஒரே நாளிலா என்றும் நினைத்தார். எண்ணுவது கைப்பழக்கம் ஆகிவிட்டதால் விரல் அதுபாட்டுக்கு அமுக்கியது. திட்டின் கடைசி நாற்காலியில் விரல் நின்றபோது கருவியைப் பார்த்தார். ஆயிரம். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

நிஜத்தில் வந்தவர்கள் நூற்றறுபது. சீட்டில் 1160 என்று எழுதினார். எழுதும்போது, இந்தத் தடவை இது பொய்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

மறுநாள் காலை எண்ணெய்க் குப்பியும் திருப்புளியுமாகப் போனார். காலையில் கிழக்குப் பக்கம் முழுவதும் நிழல். முதல் நாற்காலியில் விரலை வைத்ததும் ‘டப்’ என்று மடங்கிக்கொண்டது. வில் நன்றாகத்தான் இருந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதை மடங்கவிடாமல் பிடித்து உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் ஒருவர் எழுந்து போனது போல. எண்ணெய்க் குப்பியைத் திறக்காமலே திரும்பி வந்தார்.

மகள் அந்த நாட்களில் ஆளே மாறிப்போயிருந்தாள். போன ஆட்டம் தொடங்குமுன்பே கிழக்குப் பக்கம் கை அசைத்திருந்தாள். “அந்தப் பக்கத்து ஆளுங்க நல்ல ஆளுங்கப்பா. கத்தி ரகளை பண்றதில்ல. ஆனா நான் பந்தைப் பிடிச்சா மூச்சு விடுறது கேக்குது. ஆயிரம் பேரும் ஒண்ணா மூச்சு விட்டா எப்படி இருக்கும் தெரியுமா?”

தோசைக்கல்லோ இட்லிச்சட்டியோ எதையோ தேய்த்துக்கொண்டிருந்த மனைவி, திரும்பாமலே கேட்டாள்: “ஆயிரம் பேர் பார்த்தா, ஒருத்தராவது தெருவுல அவளைப் பார்த்துச் சிரிக்கமாட்டாங்களா? நேத்து கடையில, ‘நீ எங்கம்மா வேலை பார்க்குற’ன்னு கேக்குறாங்க.”

மகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலையெண்ணி போட்டுக்கொண்டார்.

வாசல் காவலரும் வேறு ஒரு சங்கதியோடு வந்தார். “ஆளுங்க வந்துட்டுத் திரும்பிப் போறாங்கண்ணே. உக்கார இடம் இல்லையாம்.”

“இருபத்திரண்டாயிரம் சீட்லயா?”

“நானும் அதத்தான் கேட்டேன். ஒரு அம்மா சண்டைக்கே வந்துட்டாங்க. எங்க உக்காரப் போனாலும் ‘இங்க ஆள் இருக்கு, இங்க ஆள் இருக்கு’ங்கிறாங்களாம். யாரும்மா சொன்னதுன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“யோசிச்சாங்க. அப்புறம் பதில் சொல்லாம வேகமா நடந்து போயிட்டாங்கண்ணே.” காவலர் வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கேலி வைப்பார். அன்று வைக்கவில்லை.

கோடு இழுத்ததிலிருந்து மூன்றாவது ஆட்டத்துக்குத் தொண்ணூற்றேழு பேர். சீட்டில் 1097. நீலத் திட்டு கிழக்கிலிருந்து நகர்ந்து, வடக்குக் கம்பத்துக்குப் பின்னால் வந்திருந்தது. கூரை விரிசல் விட்டதால் இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கும் பகுதி அது. பூட்டின் சாவி தலையெண்ணியின் இடுப்பில் இருந்தது.

எண்பத்து மூன்றாவது நிமிடம் பந்து ஒன்று கம்பத்தை ஒட்டி மெதுவாக உருண்டு வந்தது. பாயவேண்டியதுகூட இல்லை, குனிந்து எடுத்திருக்கலாம். மகள் கையை இறக்கிவிட்டு நின்றாள். பந்து கம்பத்தின் உள்பக்கம் தட்டி உள்ளே போனது.

சாயங்காலம் அவள் கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். “வடக்கு கம்பத்துக்குப் பின்னாடி யாருப்பா உக்கார்றாங்க?”

அவர் கை இடுப்புச் சாவிக்குப் போனது.

“ஒருத்தர் சொன்னார். ‘சுண்டு, விடு, வெளிய போகுது’ன்னு. ரொம்பப் பழகின குரல். அதான் விட்டுட்டேன்.” அவரை நிமிர்ந்து பார்த்து, “சுண்டுன்னு நீங்க மட்டும்தானே கூப்பிடுவீங்க” என்றாள்.

அந்த நேரம், சீட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி கூரையேறி நின்ற அவர் அந்த வார்த்தைகளைத்தான் சொல்லியிருந்தார். சத்தமாக அல்ல, உதட்டுக்குள். மூன்று வருடம் முன்பு கம்பத்தில் மோதி அவள் புருவம் கிழிந்து ஆறு தையல் போட்டதிலிருந்து, பந்து கம்பத்தை ஒட்டி வரும்போதெல்லாம் அவர் வாய் அதைச் சொல்லும். சுண்டு, விடு, வெளிய போகுது. அவள் பிடிக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஆனால் ஆசைக்கு அடியில் கிடந்தது இந்தப் பயம்.

அந்த நாற்காலிகளில் இருப்பவர்கள் எங்கிருந்தோ வந்தவர்கள் இல்லை என்பது அன்று இரவு அவருக்குப் புரிந்தது. அவருடைய பென்சிலிலிருந்து இறங்கியவர்கள். அவரிடம் என்ன உண்டோ அதுதான் அவர்களிடமும் இருக்கும். அவளை ஆட்டத்தில் நிற்கவைக்க, கைதட்டத்தான் அவர்களை அழைத்தார். வந்தவர்கள் அவளைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். இப்படியே போனால் எல்லாப் பந்தையும் விடச் சொல்வார்கள். உண்மையைச் சொன்னால் அவள் ஆட்டத்தையே விட்டுவிடுவாள். இரண்டில் எது மேல் என்று பதினொரு நாள் யோசித்தார்.

நான்காவது ஆட்டத்தில் கூரை ஏறியவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். மைதானம் முழுக்க நீலம். கிழக்கு, வடக்கு, முக்கியப் பகுதி எதிலும் வெள்ளையே இல்லை. ஆயிரம் எப்போது இத்தனை ஆயிரமானது என்று தெரியவில்லை. நிஜ மனிதர்கள் படிக்கட்டு ஓரங்களிலும் வேலிக்கம்பியை ஒட்டியும் தள்ளிவைக்கப்பட்டவர்கள் போல நின்றுகொண்டிருந்தார்கள். நின்றவர்களை மட்டும் எண்ணினார். நாற்பத்தொன்று. இரண்டாம் தடவை, நாற்பத்தொன்று. மூன்றாம் தடவையும் அதேதான்.

41 என்று எழுதினார். பென்சில் முனை எண்ணுக்கு முன்னால் போய் நின்றது. கீழே ஆயிரக்கணக்கான நாற்காலிகளில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது போல ஒரு அமைதி. பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

அறிவிப்பாளர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அண்ணா, முன்னாடி ஏதாவது விட்டுப்போச்சா?”

“இல்லம்மா. அவ்வளவுதான்.”

“இதைப் படிச்சா எனக்கே கூச்சமா இருக்கும்ணா.”

“படிம்மா.”

“இன்று வருகை தந்தவர்கள்,” என்றாள். சீட்டை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். “நாற்பத்தொரு பேர்.”

முதலில் கிழக்குப் பக்கம் மேல் வரிசையில் ஒரே ஒரு ‘டப்’. பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. பிறகு வரிசை வரிசையாக, பகுதி பகுதியாக, நாற்காலிகள் மடங்கத் தொடங்கின. கேட்பதற்குக் கைதட்டல் போலவே இருந்தது. அந்த மைதானம் கட்டிய நாளிலிருந்து அப்படி ஒரு கைதட்டல் கேட்டிருக்காது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். நடுவர் ஆலங்கட்டி மழையோ என்று வானத்தை அண்ணாந்து பார்த்தார். கடைசியாக வடக்குக் கம்பத்துக்குப் பின்னால் நாலைந்து சத்தம். அத்தோடு ஓய்ந்தது. எல்லாம் வெள்ளை.

மகள் வடக்குப் பக்கம் திரும்பி நின்றாள். ஆட்டம் மறுபடி தொடங்கி, அணித்தோழி ஒருத்தி கத்தி அழைக்கும்வரை திரும்பவே இல்லை.

ஐந்து நிமிடம் கழித்துப் பந்து கம்பத்தை ஒட்டி வந்தது. தலையெண்ணி பற்களைக் கடித்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அவள் முழுநீளத்துக்குப் பாய்ந்தாள். விரல்நுனி பட்டு, பந்து வெளியே போனது. கம்பத்துக்கும் அவள் நெற்றிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. கைதட்டினார்கள். எத்தனை கை என்று எண்ணிவிடலாம்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமனில் முடிந்தது. வெளியே போகும்போது காவலர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். “எழுபதாவது நிமிஷத்துலருந்து கால் மணி நேரம் அந்தச் சுழல்கதவு வெளிப்பக்கமா சுத்திக்கிட்டே இருந்துச்சுண்ணே. காத்தோன்னு பார்த்தேன். கொடி அசையல.”

வீட்டில் மகள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“நாப்பத்தொண்ணுதானா?”

“ஆமா.”

“போன ஆட்டம்?”

“தொண்ணூத்தேழு. அதுக்கு முன்னாடி நூத்தறுபது. அதுக்கு முன்னாடி இருநூத்துப் பன்னெண்டு.”

குளிர்சாதனப்பெட்டி உறுமி, நின்று, மறுபடி உறுமியது. அவள் ஆட்டத்தை விடுவாளா, நிற்பாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

“அவங்க இப்ப எங்க போவாங்க?” என்றாள்.

அதை அவர் யோசித்திருக்கவில்லை.

“சரி, இந்த நாப்பத்தொண்ணு பேர் யாரு? பார்த்தீங்கல்ல? சொல்லுங்க.”

அவர் சொல்ல ஆரம்பித்தார். ஒரே குடைக்குள் நின்ற இரண்டு பெண்கள். கடைசிவரை செய்தித்தாளை மடிக்காமல் வாசித்த ஒருவர். காலில் கட்டுப் போட்டிருந்த தபால்காரர். எதிரணிச் சட்டை போட்டவர்கள் ஒன்பது பேர், அதில் ஒருவர் அவள் பாய்ந்தபோது தன்னை மறந்து கைதட்டினார். போனில் பேசுகிற அதே ஆள், இன்றும் வந்திருந்தார், இன்றும் பேசினார்.

“அவரா?” என்று மகள் சிரித்துவிட்டாள். பல மாதம் கழித்து வந்த சிரிப்பு. இருபத்தைந்து, இருபத்தாறு பேர் ஆனதும் எழுந்தாள். “போதும்பா. காலையில அஞ்சரைக்கு எழுப்பி விடுங்க. பயிற்சி இருக்கு.”

அவள் போன பிறகும் அவர் நிறுத்தவில்லை. எண்ணத் தொடங்கியதை முடிக்காமல் எழுந்து பழக்கமில்லை. முப்பது, முப்பத்தைந்து. வேலியோரம் நின்ற தம்பதி, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. படிக்கட்டுக் கம்பியில் சாய்ந்து நின்றபடியே தூங்கிவிட்ட மூக்குக்கண்ணாடிக்காரர், நாற்பது.

நாற்பத்தொன்றாவது யார் என்று நினைவுக்கு வரவில்லை. மூன்று தடவை எண்ணியது. மூன்று தடவையும் அந்த இடத்தில் விரல் அமுக்கியது நினைவில் இருந்தது. பூட்டிய வடக்குப் பகுதியில், கம்பியில் இரண்டு முழங்கையையும் ஊன்றி ஒருவர் நின்றிருந்தார். முகம் மட்டும் வரவில்லை. அந்தப் பூட்டின் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

மகளின் அறையில் விளக்கு அணைந்தது. அவர் மறுபடியும் முதல் ஆளிலிருந்து ஆரம்பித்தார்.