விசிறிச் சத்தம்

பத்தொன்பது வருடம் என்ஜின் செய்தவன் என்று சொல்லிக்கொள்வேன். உண்மையில் நான் செய்தது மூன்று போல்ட். புனே ஆகுர்டி தொழிற்சாலையில் என் முன்னால் வந்து நிற்கும் ஒவ்வொரு என்ஜினிலும், சூடேறினால் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டின் மூடியில் மூன்று போல்ட்டையும் முடுக்குவேன். அடுத்தது வரும். அவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமை வரை இது வீட்டில் யாருக்கும் தெரியாது.

அன்று என் மகள் ஃபியோனா ரஞ்சன்காவ் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர வேண்டும். மெஷின் பராமரிப்புக்கு நானூறு பேர் பரீட்சை எழுதி நாலு பேரை எடுத்திருந்தார்கள், அதில் ஒருத்தி. மதியம் மூன்று மணிக்கு ஷிஃப்ட். ஒரு நிமிடம் பிந்தினால் அடுத்த பெயரைக் கூப்பிடுவோம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்.

பெட்ரோல் போட்டுத் திரும்பும்போது நிக்டி சிக்னலில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. பானெட்டிலிருந்து ஆவி. எப்படியோ வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். மணி பன்னிரண்டு. பஸ் மாறிப் போகும் நேரம் தாண்டியிருந்தது. ஃபியோனா ஃபோனில் வாடகைக் காருக்கு மூன்று முறை பதிவு போட்டாள். ரஞ்சன்காவ் என்றதும் மூன்று பேரும் ரத்து செய்தார்கள்.

ஈரத்துணியோடு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். என் மனைவி ஆரோக்கியமணி அடுப்படி ஜன்னல் வழியாகவே கத்தினாள். "அதைத் தெறக்காதிய! மூஞ்சி வெந்துபோவும். குக்கரை விசில் எறங்காம எவனாவது தெறப்பானா?"

கையை எடுத்துக்கொண்டேன். "தெர்மோஸ்டாட்தான். கழட்டிப் பாத்துருவோம்" என்றேன்.

"எப்படித் தெரியும், பப்பா?" ஃபியோனா புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டே குனிந்தாள்.

"பத்தொம்பது வருஷமா அதத்தானே மாட்டுனேன்."

"அது மட்டுமா?"

"அதுல மூணு போல்ட்டு" என்றேன். ஆரோக்கியமணிக்கு அது போதும். கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "மூணு நட்டு முடுக்குனவருக்கா நான் இத்தனை வருஷம் என்ஜின் எஞ்சினியருன்னு ஊர்ல பவுசு பேசுனேன்?"

"நட்டு இல்ல, போல்ட்டு."

"பெரிய வித்தியாசம்."

ஃபியோனா ரேடியேட்டரின் கீழ்க் குழாயை விரல் நுனியால் தொட்டு, வெடுக்கென்று இழுத்தாள். "ஹாட். மேல பைப்பும் ஹாட், கீழ பைப்பும் ஹாட். அப்போ தண்ணி சுத்துது. தெர்மோஸ்டாட் ஓப்பன்தான், பப்பா." பக்கத்து டப்பாவைப் பார்த்தாள். என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கோட்டுக்கு மேலேயே இருந்தது. தரையில் ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. "முள் எப்போ ஏறுச்சு? சிக்னல்ல நிக்கறப்போவா? சல்தே சல்தே இறங்குச்சா?"

யோசித்தேன். "ஓடுதப்ப எறங்குச்சு. நின்னா ஏறுது."

"ஓடுனா காத்து வரும். நின்னா..." அவள் முடிக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு தோணுது" என்றாள் ஆரோக்கியமணி. "நீங்க வண்டிய நிறுத்திட்டு உள்ள வந்த பெறவும் ஒரு நிமிஷம் அது ஒய்ங்குன்னு கத்திக்கிட்டு கெடக்கும்லா? ரெண்டு நாளாக் காணோம். சனியன் ஓஞ்சுதுன்னு நெனச்சேன்."

ஃபியோனா நிமிர்ந்தாள். விசிறி! ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் மின்விசிறி. இரண்டு நாளாக அது சுற்றவே இல்லை. வண்டிக்குள் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதது, சுவருக்கு அந்தப் பக்கம் தோசை சுட்டவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"மோட்டார் செத்துட்டா இன்னிக்கு ஒண்ணும் முடியாது" என்றாள் ஃபியோனா. விசிறியின் இணைப்பைப் பிடுங்கி, பழைய மிக்ஸி வயரின் இரண்டு நுனியைச் சீவி, மோட்டாரிலிருந்து நேராக பேட்டரிக்குக் கொடுத்தாள். விசிறி உறுமிக்கொண்டு சுற்றியது. சூடான காற்று எங்கள் மூன்று பேர் முகத்திலும் அடித்தது. ஆரோக்கியமணி கரண்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்தாள்.

மோட்டார் உயிரோடு இருக்கிறது. ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்த்தாள், அதுவும் நல்லது. மிஞ்சியது ரிலே, விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டி. பிடுங்கிக் காட்டினாள். ஒரு கால் கருகியிருந்தது.

"கடைக்குப் போயிட்டு வரட்டா?"

"டைம் இல்ல, பப்பா." ஃப்யூஸ் பெட்டிக்குள் அதே அச்சில் இன்னொரு ரிலே இருந்தது. எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். பிடுங்கி விசிறியின் இடத்தில் செருகினாள். "ஸ்டார்ட் பண்ணுங்க. ஏசி போடுங்க, போட்டா ஃபேன் சுத்தணும்."

போட்டேன். ஒய்ங்.

"அது எதோட ரிலே?" என்று கேட்டேன்.

"ஹார்ன்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாகன் ஊர் வழியாக, லாரிக்கு நடுவே, ஹார்ன் இல்லாமல். புனேயில் பிரேக் இல்லாமல் போகிறேன் என்றால்கூட நம்புவார்கள்.

ஆரோக்கியமணி உள்ளே ஓடி எவர்சில்வர் தாம்பாளத்தோடு வந்தாள். "முன்சீட்டு எனக்கு."

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கிளம்பினோம். மோஷியில் ஒரு டெம்போ குறுக்கே வந்தது. ஆரோக்கியமணி ஜன்னலுக்கு வெளியே தாம்பாளத்தை நீட்டிக் கரண்டியால் வெளுத்தாள். "பாஜூலா வ்ஹா ரே!" டெம்போ ஒதுங்கியது. பைக்கில் வந்தவன் ஒருவன் "மாவ்ஷி, கல்யாணமா?" என்று மராத்தியில் கேட்டான். "ஆமாலே, ஒனக்குத்தான், தள்ளு" என்று தமிழிலேயே சொன்னாள். சாகன் நெரிசலில் பத்து நிமிடம் அசையாமல் நின்றோம். முள் பாதியைத் தாண்டி ஏறியது. பின்சீட்டிலிருந்து ஃபியோனாவின் மூச்சு என் கழுத்தில் பட்டது. விசிறி ஒய்ங்கென்று சுற்றத் தொடங்கியது. முள் இறங்கியது. அவள் என் தோளில் ஒரு குத்து விட்டாள்.

ஷிக்ராபூரில் மணி இரண்டு இருபத்தைந்து. தாம்பாளத்தின் நடு குழிந்துவிட்டது. ஆரோக்கியமணியின் குரல் கட்டிவிட்டது. கரண்டி மட்டும் ஓயவில்லை.

இரண்டு ஐம்பத்து மூன்றுக்குத் தொழிற்சாலை வாசலில் நிறுத்தினேன். ஃபியோனா கிரீஸ் பட்ட கையோடு இறங்கி ஓடினாள். காவலாளி அவள் விரல்களைப் பார்த்தான், கடிதத்தைப் பார்த்தான், பதிவேட்டில் பெயரைத் தேடினான். சின்னக் கதவு திறந்தது. உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை, அதற்கு நேரமில்லை.

நான் சாவியைத் திருப்பினேன். என்ஜின் அடங்கியது. விசிறி மட்டும் நிற்காமல் கத்திக்கொண்டிருந்தது.

"கத்தட்டும்" என்றாள் ஆரோக்கியமணி, காற்றாய்ப் போன குரலில்.