நாற்பதாம் இடத்துக்கு ஓர் அடி

1973 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நெவில் பிளாஞ்சர்ட் பாடிய ராக் பாட்டு விற்பனைப் பட்டியலில் நாற்பதாம் இடம் என்று ரேடியோவில் சொன்ன நிமிடம், நெவில் சமையலறைத் தரையிலிருந்து ஓர் அடி உயர்ந்தான். கையிலிருந்த தேநீர் சிந்தவில்லை. அடுத்த செவ்வாய் இருபத்திரண்டாம் இடம், பத்தொன்பது அடி. நல்லவேளை, அவன் மனைவி டோரீன் முன்யோசனையோடு அவனைக் கொல்லைக்குக் கொண்டுபோய், மீன்பிடிக் கப்பல் கயிற்றால் புகைபோக்கியில் கட்டியிருந்தாள். ஏப்ரலில் பாட்டு இரண்டாம் இடத்துக்கு வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் கூடையில் முப்பத்தொன்பது அடி மேலே போயின. காற்றடித்தால் வினிகர் மட்டும் கீழே நின்ற அக்கம்பக்கத்தார் எங்கள் தலையில் தெளித்தது.

டோரீனுக்கு அப்போது ஏழு மாதம். “புள்ள பொறந்ததும் நான்தான் கையில வாங்கணும். எப்படியாவது என்னை எறக்கு!” என்று மேலிருந்து கத்தினான் நெவில். பட்டியலுக்கு விற்பனைக் கணக்கு அனுப்பும் இசைத்தட்டுக் கடை எங்கள் துறைமுக ஊரான கிரிம்ஸ்பியில் ஐவி அம்மாளுடையது ஒன்றுதான். எதிர்க்கரை ஹல் நகரத்துக்காரர்கள் சிரிக்கக் கூடாது, பாட்டை முதலிடத்துக்கு ஏற்றியே தீருவது என்று, கிராமபோன் இல்லாதவர்கள்கூட அங்கே வரிசையில் நின்று மூன்றாவது தட்டு வாங்கினோம். பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை டோரீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடை வாசலில் நின்றாள். “உங்க பாசமெல்லாம் போதும். இனி ஒரு தட்டு வாங்கினீங்க, ஏணி வச்சு நீங்களே எம் புருஷனை எறக்கணும்!”

வெட்கத்தோடு நிறுத்திக்கொண்டோம். பாட்டு சரிந்தது, நெவில் இறங்கினான். ஆனால் பாட்டு நாற்பதாம் இடத்தில் நின்றுவிட, தரைக்கு ஓர் அடி மேலே நின்றவன் நின்றவன்தான். ஜூனில் பெண் பிறந்தாள். கதவைத் திறந்தால் வரும் காற்றுக்கே அவன் நகர்ந்ததால், செவிலி குழந்தையை அவன் கையில் தர மறுத்துவிட்டாள். அவன் அழுததை நானே பார்த்தேன். செங்கல், உருளைக்கிழங்கு மூட்டை என்று எதைக் கட்டினாலும் அதுவும் சேர்ந்து மிதந்தது.

வாரம் ஒரு தட்டு இன்னமும் விற்கிறது, அதுதான் பாட்டை நாற்பதில் பிடித்து வைத்திருக்கிறது என்றார் ஐவி அம்மாள். வாங்கியது நெவிலின் அப்பா ஆர்னல்ட். துறைமுகத்தில் மீன் வெட்டுகிறவர். மகன் பாட்டை முதல் தடவை கேட்டபோதே, “கப்பல் சங்கு இதைவிட சுருதியா ஊதும்” என்று எழுந்து போனவர்.

“ஏன் மாமா இப்படிப் பண்றீங்க?” என்றாள் டோரீன்.

“எனக்கு அந்தப் பாட்டு புடிக்கலம்மா. ஆனா எம் பையன் பாட்டு கடையில கெடக்கறதப் பாத்துட்டு சும்மா வர முடியல.”

அடுத்த சனிக்கிழமையும் ஐவி அம்மாள் கடையில் ஒரு தட்டு விற்றது.

அக்டோபரில், ஆண்டின் சிறந்த பாட்டுக்கான விருது லண்டனிலிருந்து பார்சலில் வந்தது. வெண்கலக் கிதார். ஆர்னல்ட் அதை மீன் தராசில் வைத்து, “பதினோரு பவுண்டு. சுமாரான காட் மீன்” என்று மகன் கையில் கொடுத்தார். மூட்டைக்கும் செங்கலுக்கும் இறங்காத நெவிலின் பாதங்கள் தரையைத் தொட்டன. இன்னொரு கையில் டோரீன் குழந்தையை வைத்தாள்.

எட்டு வருடம் கழித்து ஆர்னல்ட் ஒரு வியாழக்கிழமை இறந்தார். இனி தட்டு வாங்க ஆளில்லை, கிதார் இல்லாமலே நெவில் இறங்கிவிடுவான் என்று பேசிக்கொண்டோம். செவ்வாய் மதியம் ரேடியோவில் நாற்பதாம் இடம் என்றார்கள். ஐவி அம்மாளின் விற்பனை நோட்டில் சனிக்கிழமைக்கு நேராக வழக்கம்போல் ஒரு கோடு இருந்தது. பக்கத்தில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. நெவில் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு கிதாரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரொட்டி வாங்கப் போனான்.